என்ஜினைக் கழுவலாம், தோலை உரிக்காதீங்க

3 செப்டம்பர் 2024, மலேசியாவில் சிம்மோரிலிருந்து ஒரு தம்பி கேட்டது

"அண்ணே, என்னோடது பழைய மொடனாஸ் கிறிஸ் மோட்டார் சைக்கிள். என்ஜின் பூரா எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து தார் மாதிரி இறுகிக் கிடக்கு. காஸ்டிக் சோடாவைக் கரைச்சு ஊத்து, அஞ்சு நிமிஷத்துல புதுசாயிடும்னு கூட்டாளி சொல்றான். அரை கிலோ வாங்கியும் வச்சிட்டேன். ஊத்தலாமா?"

3 செப்டம்பர், இரவு

ஊத்தாதே. இறுக்கி மூடி, பிள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வை. மீதியை நாளைக்கு எழுதுறேன். இங்க சுங்கை சிப்புட்டில் இடி மழை, கரண்ட் போகப் போகுது.

4 செப்டம்பர்

1998. எனக்கு இருபது வயசு. அப்பாகிட்ட ஒரு ஹோண்டா இஎக்ஸ்5. அது இன்னும் இருக்கு, இப்ப நான் ஓட்டுறேன். தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால அப்பா தைப்பிங்கில் ஒரு சாவு வீட்டுக்கு பஸ்ஸில் போயிருந்தார். அவர் திரும்பி வர்றதுக்குள்ள மோட்டாரைப் பளபளன்னு ஆக்கிடணும்னு எனக்கு ஆசை. செயின் பல்சக்கரத்தை மூடுற இடது பக்கப் பின் கவரைக் கழற்றினேன். உள்ளே கிரீஸும் மண்ணும் பணியாரம் மாதிரி அப்பிக் கிடந்தது. டவுனில் ஹார்ட்வேர் கடையில் காஸ்டிக் சோடா வாங்கி, பிளாஸ்டிக் வாளியில் கரைச்சு, கவரை முக்கினேன். கரைக்கும்போதே வாளி சுட ஆரம்பிச்சது. அப்பவே புத்தி வந்திருக்கணும்.

முதல் ஒரு நிமிஷம் அழகா இருந்தது. கிரீஸ் விட்டு மிதந்தது. அதுக்கப்புறம் கவரே நுரைக்க ஆரம்பிச்சது. பொங்கிப் பொங்கி வந்த அந்தக் குமிழெல்லாம் ஹைட்ரஜன். பக்கத்துல யாரும் சிகரெட் பத்த வைக்காதது எங்க பாட்டி செய்த புண்ணியம். வெளியே எடுத்தப்போ வெள்ளிப் பெயிண்ட் தோல் தோலா உரிஞ்சு, அடியில் கரிச்சட்டி நிறம். தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சேன். கை கறுத்தது, கவர் வெளுக்கல.

அப்பா வந்தார், பார்த்தார். "உங்கம்மா இட்லிப் பானை மாதிரி இருக்குடா" என்றார். அவ்வளவுதான். அந்தத் தீபாவளிக்குக் கறுப்புக் கவரோடயே கோயிலுக்குப் போனோம்.

5 செப்டம்பர்

"பெயிண்ட் போனா அடியில் வெள்ளையா உலோகம்தானே தெரியணும், கறுப்பு எங்கேயிருந்து வந்தது?" என்று ஒருவர் கேட்டிருக்கார். நல்ல கேள்வி. எனக்கே பதில் தெரிய ரொம்ப வருசம் ஆச்சு.

என்ஜின் கவர் சுத்த அலுமினியம் இல்லை. அச்சில் ஊற்றி வார்க்கிற கலவை. ஏடிசி12 என்று ஒரு வகை ரொம்பப் புழக்கம். அதில் சிலிக்கன் மட்டும் 10 முதல் 12 விழுக்காடு, செம்பு 2, 3 விழுக்காடு. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், செம்பைத் தொடாது, சிலிக்கனையும் அவ்வளவாகத் தொடாது. தின்னாமல் விட்டதெல்லாம் கறுப்புப் புழுதியா மேலேயே தங்கிடும். தேய்க்கத் தேய்க்கக் கை கறுத்தது அதனால்தான்.

இட்லிப் பானை விஷயத்தில் அப்பா சொன்னது வேடிக்கைக்கு என்றாலும் முழுத் தப்பில்லை. அலுமினியத்துக்குக் காஸ்டிக் சோடா மாதிரி காரமும் ஆகாது, கடும் புளிப்பும் ஆகாது. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒண்ணு இருக்கு. நடுவாந்தரமா இருக்கிற வரைக்கும்தான் அந்தத் தோல் நிற்கும். வெறும் தண்ணியே கொதிச்சுக் கொதிச்சு இட்லிப் பானையின் அடியைக் கறுக்க வைக்கும். அதுக்குத்தான் அம்மா பானைத் தண்ணியில் ஒரு துண்டு புளியோ பிழிஞ்ச எலுமிச்சைத் தோலோ போடுவாங்க. அது வேதியியல்னு அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவங்க பானை வெள்ளையா இருந்தது, என் கவர் கறுப்பா இருந்தது.

5 செப்டம்பர், மறுபடி

இதைப் படிச்சிட்டு யாரும் என்ஜினுக்குப் புளி போட்டுத் தேய்க்கக் கிளம்ப வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, அது பித்தளை. என்ஜினில் பாதி பெயிண்ட், பெயிண்டுக்குப் புளி என்ன செய்யும்? இடுக்கில் ஒட்டிக்கிட்டு எறும்பு வரும்.

8 செப்டம்பர்

சரி, எப்படித்தான் கழுவுறது என்று மூணு பேர் கேட்டாச்சு. நான் செய்யுறதைச் சொல்றேன். வேற நல்ல வழி இருந்தா செய்யுங்க.

ஓட்டி வந்த உடனே கழுவ மாட்டேன். ஆறிப் போன என்ஜினையும் கழுவ மாட்டேன். சிலிண்டரைச் சுத்தியிருக்கிற ஃபின் தகடு மேல் உள்ளங்கையை வச்சு, பத்து எண்ணுற வரைக்கும் வச்சிருக்க முடிஞ்சா அதுதான் பதம். சூடா இருந்தா சோப்போ கிளீனரோ அங்கேயே காய்ந்து வெள்ளைத் திட்டா நிற்கும். எக்சோஸ் (புகைக் குழாய்) சூட்டில் மண்ணெண்ணெய் பட்டா புகை மட்டும் வராது. ஒரு பொறி கிடைச்சா மண்ணெண்ணெய் ஆவி தீப்பிடிக்க 38 பாகை செல்சியஸ் போதும், நம்ம ஊர் மத்தியான வெயில் அதுக்குக் கிட்டத்தான் நிற்குது. ரொம்ப ஆறிப் போனா கிரீஸ் இளகாது.

எக்சோஸ் வாயை ஒரு துணி உருண்டையால் அடைச்சிடுவேன். கார்ப்ரேட்டர் மேலயும், ஏர் ஃபில்டர் பெட்டி வாய்க்கும், வயர் இணைப்புகளுக்கும் பிளாஸ்டிக் பை கட்டி ரப்பர் வளையம். பிளக் மூடி நல்லா அழுந்தி இருக்கான்னு பார்த்துக்கணும். பிளக்கைக் கழற்றிட்டுக் கழுவுற புத்திசாலிகளை நான் பார்த்திருக்கேன். பிளக் துவாரம் வழியா மண்ணு சிலிண்டருக்குள்ள போகும்.

முதலில் காய்ந்த மண்ணை எடுக்கணும், ஈரம் படாமல். இதுக்கு என் ஆயுதம் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஈர்க்கு. விளக்குமாறு கட்டுற அதே ஈர்க்குதான். நுனியைக் கொஞ்சம் நசுக்கினா ஃபின் இடுக்கில் அருமையா நுழையும், பெயிண்டைக் கீறாது, காசும் இல்லை. இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் வேண்டாம், அதில் உப்புத்தாள் மாதிரி அரம் இருக்கு. இரும்பு நூல் பஞ்சு இன்னும் மோசம். அதன் துணுக்கு அலுமினியத்தில் குத்தி நின்னு, ரெண்டு மழைக்குப் பிறகு என்ஜினில் துருப் புள்ளி. அலுமினியம் எப்படித் துருப்பிடிக்கும்னு தலையைச் சொறியாதீங்க, அது பஞ்சோட துரு.

மண்ணு போன பிறகு ஒரு டின்னில் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒன்றரை அங்குலப் பெயிண்ட் பிரஷ். கிரீஸ் உள்ள இடத்துக்கு மட்டும் பூசிப் பத்து நிமிஷம் விடுவேன். ஊத்துறது இல்லை, பூசுறது. பிரேக் டிரம் பக்கம் போகக்கூடாது. ஏர் ஃபில்டர் குழாய் மாதிரி ரப்பர் சாமான் மேல பட்டா உடனே துடைச்சிடணும். பிறகு பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணியில் அதே பிரஷை நனைச்சுத் தேய்ச்சு, வாளித் தண்ணியை மக்கால் மொண்டு ஊத்திக் கழுவினா முடிஞ்சது. முன்னெல்லாம் தோட்டத்தில் டீசலில்தான் கழுவுவோம். 2024 ஜூன் 10-ல் டீசல் லிட்டர் 3 வெள்ளி (ரிங்கிட்) 35 காசு ஆன பிறகு அதில் கழுவ மனசு வருமா?

கழுவினதும் துடைச்சு, ஸ்டார்ட் பண்ணி, டவுன் வரைக்கும் ஒரு சுற்று. ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்தா என்ஜின் காய்ஞ்சிருக்கும்.

9 செப்டம்பர்

நேத்து எழுதினதில் முக்கியமான ஒண்ணை விட்டுட்டேன். பாலிஷ் போடுறதுக்கு முன்னால அது என்ன மேற்பரப்புன்னு தெரியணும். ஒரே என்ஜினில் வெள்ளிப் பெயிண்ட் இருக்கும், வெற்று அலுமினியம் இருக்கும், குரோம் இருக்கும், வார்னிஷ் மாதிரி தெளிவுப் பூச்சு போட்ட பளபளப்புக் கவர் இருக்கும். ஆட்டோசோல் என்கிற உலோகப் பாலிஷ் பசை வெற்று அலுமினியத்துக்கும் குரோமுக்கும் நல்லது. தெளிவுப் பூச்சு மேல போட்டா பூச்சு மங்கி, அப்புறம் உரியும்.

சோதனை சுலபம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு பயறளவு பசை வச்சு வெள்ளைத் துணியால் தேய்ங்க. துணி கறுத்தா வெற்று உலோகம். கறுக்காட்டி மேல பூச்சு இருக்கு. என் இஎக்ஸ்5-ல் கியர் மிதி பக்கத்துல செஞ்சு பார்த்தேன், துணி நல்லாக் கறுத்தது.

21 செப்டம்பர்

பெட்ரோலில் கழுவலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. காரணம் கேட்டால் மறுபடியும் கூடாது.

11 அக்டோபர்

ஆயுத பூஜைக்கு எல்லாரும் மோட்டார் கழுவுறாங்க, நம்ம பேச்சும் சூடு பிடிச்சிருக்கு. கம்பார் அக்கா ஒருவர் கேட்டிருக்காங்க: வீட்டுக்காரர் கித்தா மரத்தில், அதான் ரப்பர் மரத்தில், பால் வெட்டப் போறார், பால் தோம்பை மோட்டாரில்தான் கொண்டு வர்றார், சிந்தின பால் என்ஜினில் காய்ந்து போய் சவ்வு மாதிரி ஒட்டியிருக்கு, சோப்புக்கு அசையல, கத்தியால் சுரண்டினா பெயிண்ட் வருது.

அக்கா, கத்தியை வச்சிடுங்க. எங்கம்மாவும் பால் வெட்டுறவங்கதான். தோளில் காண்டா கம்பு வச்சு ரெண்டு வாளி தூக்கி நடந்த காலம் அது. அவங்க சேலையில் காய்ந்த பாலை எந்தச் சோப்பும் எடுக்காது, மண்ணெண்ணெய்தான் எடுக்கும். ரப்பர் மண்ணெண்ணெயைக் குடிச்சு ஊதும், ஊதினா பிடிப்பு விடும். ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைச்சுப் பிழிஞ்சு, என்ஜின் முழுக்க ஆறின பிறகு சவ்வு மேல போர்த்தி ராத்திரி விடுங்க. அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் கிட்ட வேண்டாம். காலையில் நுங்கு மாதிரி இருக்கும். ஈர்க்கால் உருட்டினா சுருண்டு வரும். அவசரப்பட்டா பாதி வந்து பாதி நிற்கும், நின்னதை மறுபடி ஊற வைக்கணும்.

ஒரு எச்சரிக்கை. பால் உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் கேனையும் அதே மோட்டாரில்தான் கொண்டு வர்றாரா? அது சிந்தினா ஊற வைக்கிறது, உருட்டுறது எல்லாம் கிடையாது. உடனே நிறையத் தண்ணி. வெற்று அலுமினியத்தை அது அரிக்கும், உங்க கையை அதுக்கு முன்னாடியே அரிக்கும்.

ரப்பர் மண்ணெண்ணெயில் ஊதும்னு நான் எழுதினதும், குழாய் மேல படவிடாதேன்னு போன மாசம் எழுதினதும் ஒரே விஷயம்தான். எழுதும்போது எனக்கே இப்பத்தான் உறைக்குது. என்ஜின் உள்ளே இருக்கிற ஆயில் சீல் வேற ரப்பர், எண்ணெய் தாங்குறதுக்குன்னே செய்தது, அதுக்குப் பயமில்லை.

14 அக்டோபர்

திருத்தம். செப்டம்பர் 9-ஆம் தேதி துணிச் சோதனை எழுதினேன் இல்லையா, அது பாதிதான் சரி.

சிம்மோர் தம்பி தன் கிறிஸ் கவரில் செஞ்சு பார்த்து, "துணி சாம்பல் கலராச்சு அண்ணே, வெற்று உலோகம்தான், பாலிஷ் போட்டுட்டேன்" என்று படம் அனுப்பினான். படத்தைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு. திட்டுத் திட்டா அடிப் பூச்சு தெரியுது. வெள்ளிப் பெயிண்டின் வெள்ளியே அலுமினியத் துகள்தான்! பழசாகிப் பொடிஞ்ச வெள்ளிப் பெயிண்டும் துணியைச் சாம்பலாக்கும். எனக்கு ஏன் சோதனை சரியா வந்தது? நான் தேய்ச்சுப் பார்த்தது இடது முன் கவரில் அப்பாவின் சப்பாத்து (ஷூ) உரசி உரசிப் பெயிண்ட் தேய்ந்து போன இடம். முப்பது வருசமா கியர் போட்ட கால். ஐம்பது காசு நாணயம் ரெண்டு சேர்த்து வச்ச அகலம் இருக்கும், கண்ணாடி மாதிரி மின்னும். அங்க வெற்று உலோகம் இருக்குன்னு சோதிச்சா தெரிஞ்சுக்கணும்?

நல்ல வழி: கவர் போல்ட் ஒண்ணைக் கழற்றுங்க. போல்ட் தலை உட்கார்ந்த வட்டத்தின் ஓரத்தைப் பாருங்க. பூச்சு இருந்தா அங்க ஒரு விளிம்பு, ஒரு படி, நகத்துக்குத் தட்டும். அது தட்டாட்டி பெரும்பாலும் வெற்று உலோகம்.

தம்பி, மன்னிச்சிடு. காஸ்டிக்கிலிருந்து காப்பாத்தி ஆட்டோசோலில் தள்ளிட்டேன்.

15 அக்டோபர்

தம்பி மன்னிச்சிட்டானாம். அந்தக் காஸ்டிக் சோடாவை வீட்டுச் சாக்கடைக் குழாய் அடைப்புக்கு ஊத்தினானாம், அருமையா வேலை செஞ்சதாம். எதுக்கு எதுன்னு இருக்கு.

27 அக்டோபர்

தீபாவளிக்கு நாலு நாள். மகனோட யமஹா என்ஜின் பளபளப்பில்லாத கறுப்பு. இதுக்கு என் வைத்தியம் எதுவும் ஒத்து வராது. பாலிஷ், மெழுகு, எது போட்டாலும் அந்த இடம் மட்டும் மின்னி, எண்ணெய் வழிஞ்ச மூக்கு மாதிரி தெரியும். மங்கல் பூச்சை மின்ன வைக்க முடியும், மின்னினதை மறுபடி மங்கலாக்க முடியாது. சோப்புத் தண்ணி, மெத்துப் பிரஷ், அவ்வளவுதான். கூட்டாளிகள் டபிள்யூடி-40 அடிச்சுத் துடைக்கிறாங்க. அன்னைக்குக் கறுகறுன்னு இருக்கும், மறுநாள் செம்பனைக் காட்டுப் புழுதி பூரா அதில். அதன் பெயரிலேயே இருக்கு, தண்ணியை விரட்ட 1953-ல் செய்த நாற்பதாவது கலவை. வயர் இணைப்பில் தண்ணி போயிட்டா அடிங்க, அழகுக்கு வேண்டாம்.

அவன் கழுவுற கடைக்குக் கொண்டு போறேன்னு சொன்னான். நான் விடல. நாலஞ்சு வருசத்துக்கு முன்னால டவுனில் ஒரு கழுவுற கடைக்கு இஎக்ஸ்5-ஐக் கொடுத்தேன். ரோஸ் நிறத்தில் ஏதோ கெமிக்கல் அடிச்சான், ரிம்முக்கு அடிக்கிறதாம். ஆறு மாசத்தில் என்ஜின் மேல் பக்கம் பூச்சு கொப்புளம் விட்டு, வெள்ளை வெள்ளையாப் பூத்துடுச்சு. போய்ச் சத்தம் போட்டுட்டு வந்தேன். அதுக்கப்புறம் அந்தக் கடைப் பக்கமே போறதில்லை. பிரஷர் பைப்பையும் ஒரு சாண் தூரத்தில் வச்சு அடிக்கிறானுங்க. மகனோடது ரேடியேட்டர் உள்ள மோட்டார், அதன் தகடு அந்த அடிக்கு மடங்கிப் போகும்.

17 நவம்பர்

மழைக் காலம். வேலை இல்லாத ஞாயிறு, இஎக்ஸ்5 லெக் ஷீல்டைக் கழற்றிட்டு உட்கார்ந்து, பூதக் கண்ணாடி வச்சுப் பார்த்தேன். கொப்புளம் விட்ட இடமெல்லாம் கிராங்க்கேஸ் என்கிற என்ஜின் பெட்டியின் மேல் பக்கம். பக்கவாட்டில் சுத்தமா இல்லை. அடியிலும் இல்லை. கழுவுற கடைக்காரன் பக்கவாட்டில்தான் நின்னு அடிச்சான், மேலிருந்து எப்படி?

இன்னொண்ணு, பூச்சுக்கு அடியில் மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி மெல்லிய கோடு கோடா ஓடியிருக்கு. அந்த ரோஸ் கெமிக்கல் மாதிரி ஆசிட் பட்டா இப்படி ஓடாது, பட்ட இடம் முழுக்கத் தின்னும். யோசிச்சிட்டே இருக்கேன்.

19 நவம்பர்

கண்டுபிடிச்சிட்டேன். சொல்ல வெட்கமா இருக்கு.

எனக்கு மூணு ஏக்கர் செம்பனை இருக்கு, பகுதி நேர வேலை. உர மூட்டையை எங்க வச்சுக் கொண்டு போறேன்? இஎக்ஸ்5-ல் எல்லாரும் வைக்கிற இடம்தான், ரெண்டு காலுக்கும் நடுவில். அதுக்கு நேர் கீழே என்ஜினின் மேல் பக்கம். மூட்டை ஓரம் கிழிஞ்சிருக்கும், வழியெல்லாம் சிந்தும். அதில் எம்ஓபி என்கிற பொட்டாஷ் உரம், பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பின் சித்தப்பா மகன். எடையில் கிட்டத்தட்டப் பாதி குளோரைடு. அலுமினியத்தின் ஆக்சைடு தோலை ஊசி குத்தின மாதிரி துளைக்கிறது குளோரைடுதான். பூச்சில் ஒரு கீறல் கிடைச்சா உள்ளே நுழைஞ்சு, ஈரக் காற்றில் பூச்சுக்கு அடியிலேயே புழு மாதிரி ஊர்ந்து போகும். நம்ம ஊரில் ஈரக் காற்றுக்கா பஞ்சம்?

அதுக்கு மேல நான் என்ன செஞ்சேன்னா, "அடிக்கடி கழுவினா பூச்சு கெடும்" என்று மாசத்துக்கு ஒரு தடவைதான் கழுவினேன். உப்பை என்ஜின் மேல ஒரு மாசம் ஊற வச்சிருக்கேன்! உரம் ஏத்தின நாள் வெறும் தண்ணி ரெண்டு வாளி ஊத்தியிருந்தா போதும். சோப்புகூட வேண்டாம், அது தண்ணியில் கரையுற சாமான். மண்ணெண்ணெயில் கரையவே கரையாது. நான் மண்ணெண்ணெய் மண்ணெண்ணெய்னு ஒரு பக்கம் எழுதினேனே, அது கிரீஸை எடுத்துச்சு, உப்பை அப்படியே விட்டுச்சு.

இத்தனைக்கும் நான் தோட்டத்து ஸ்டோர் கிராணி. உரக் கணக்கு எழுதுறதே என் வேலை. ஸ்டோர் இரும்புக் கதவு ஏன் அடிப்பக்கம் மட்டும் அரிச்சுப் போச்சுன்னு வருசா வருசம் அறிக்கையில் எழுதுறவன்.

1 டிசம்பர்

அந்தக் கழுவுற கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு என்னை நினைவு இருந்தது, நல்லாவே. "இது உங்க கெமிக்கல் இல்லைங்க, என் உர மூட்டை" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அன்னைக்கு நீங்க கத்தினதில் மூணு கஸ்டமர் எழுந்து போனாங்க" என்றார். ஒரு தே ஓ, பால் போடாத டீ, வாங்கிக் கொடுத்தேன். எட்டு வெள்ளிக்கு மோட்டாரையும் கழுவக் கொடுத்தேன், ரோஸ் கெமிக்கல் மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டு. அது ஆசிட் கிளீனர்தான், அதில் என் கருத்து மாறல.

12 ஜனவரி 2025

பொங்கல் வேலைக்கு நடுவில் ஒரு குறிப்பு. சூடான என்ஜினில் பச்சைத் தண்ணி பட்டா வெடிக்கும் என்று இங்கே ஒருவர் விடாமல் எழுதுறார். அய்யா, நம்ம ஊரில் மத்தியானம் வெயிலில் ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே மழை கொட்டுது. அப்படி வெடிக்கிறதா இருந்தா சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் நடுவில் ஒரு என்ஜின் மிஞ்சாது. நான் ஆற வைக்கிறது கறைக்காக, தீக்காக, என் கைக்காக.

19 ஜனவரி

கழுவின என்ஜினில் ஒரு லாபம், ஒழுகல் தெரியும். என் இஎக்ஸ்5 எங்கேயோ எண்ணெய் கசியுது, காற்றில் பரவிப் பின்னால் பூரா ஈரம், மூலம் தெரியல. பட்டறை தவ்கே (முதலாளி) ஒரு வித்தை சொன்னார்: நல்லாக் கழுவிக் காய வச்சு, பவுடரைத் தூவிட்டுப் பத்து நிமிஷம் ஓட விடு. எங்கே முதலில் நனையுதோ அதுதான் இடம்.

வீட்டில் பவுடர் இல்லை. சாமி மாடத்தில் திருநீறு இருந்தது. எடுத்துப் பூசினேன். மனைவி வந்து பார்த்துட்டு, "என்ஜினுக்குப் பட்டையா? குங்குமமும் வை" என்றாள். பத்து நிமிஷத்தில் டாப்பெட் மூடியைச் சுத்திச் சரியா நெற்றிப் பொட்டு மாதிரி ஒரு ஈரம். மூடியின் ரப்பர் வளையம், ஓ-ரிங், போயிருக்கு, மாத்தியாச்சு.

20 ஜனவரி

திருநீறு வேண்டாம், குழந்தைப் பவுடரே போடுங்க. பக்தி காரணம் இல்லை. சாம்பல் ஈரமானா காரம். காஸ்டிக் அளவுக்கு இல்லைன்னாலும் அதே சாதி. நேத்தே நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்.

13 பிப்ரவரி

தைப்பூசத்துக்கு ஈப்போ போய் வந்ததில் மழைச் சட்டை எக்சோஸில் உருகி ஒட்டிக்கிச்சு. எக்சோஸைச் சூடாக்கி, மரக் கரண்டி முனையால் தள்ளினேன், பெரும்பாலும் வந்துடுச்சு. மீந்த கறைக்கு ஆட்டோசோல். இங்க போடலாம், இது குரோம். கரண்டி சமையலறைக்குத் திரும்பிப் போகாது.

9 மார்ச்

பெயிண்ட் அடிக்க முடிவு செஞ்சாச்சு. கொப்புளம் விட்ட மேல் பக்கமும், 1998-ல் நான் கறுக்க வச்ச அந்தப் பின் கவரும். அந்தக் கவருக்கு முன்னாடியே ரெண்டு தடவை ஸ்ப்ரே அடிச்சிருக்கேன், ரெண்டும் நிற்கல. ஒருமுறை அடிச்ச மூணாம் நாள் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன், பெயிண்ட் பிரஷோடயே வந்துடுச்சு. மண்ணெண்ணெய் பெயிண்டைக் கெடுக்காதுன்னு நான் நினைச்சது ஃபேக்டரியில் சூட்டில் சுட்ட பெயிண்டுக்கு. வீட்டு ஸ்ப்ரே முழுசா இறுகாமல் இருந்தா அதுக்குப் பொருந்தாது.

இந்தத் தடவை சூடு தாங்குற பெயிண்ட். உப்பைத் தண்ணியில் கழுவி, கிரீஸை எடுத்து, வெள்ளைப் பூப்பை உப்புத்தாளால் எடுத்து, மறுபடி கழுவி, ஒரு நாள் வெயில். மெல்லிசா மூணு கை. பிறகு என்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமா ஓட விட்டுச் சூட்டிலேயே இறுக வைக்கணும்.

மகன் இடது முன் கவரையும் சேர்த்து அடிச்சிடலாம்பா, எல்லாம் ஒரே கலரா இருக்கும் என்றான். அந்தச் சப்பாத்து தேய்ந்த இடத்தை மட்டும் டேப் ஒட்டி மறைச்சிட்டு, மிச்சத்துக்கு அடிக்கச் சொன்னேன். ஏன்னு அவன் கேட்கல.

10 மார்ச்

டேப்பைப் பிரிச்சா அந்த இடத்தில் பிசினு பிசினுன்னு பசை. மண்ணெண்ணெய்தான் எடுக்கும். சுத்திப் புதுப் பெயிண்ட், இறுக ஒரு வாரமாவது ஆகும். பஞ்சைக் குச்சி முனையில் சுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகாமல், கண்ணாடி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.